நடத்துநர் காதில் விழாத பாட்டு: இணையச் சேர்ந்திசை எப்படி உருவாகிறது

இணையச் சேர்ந்திசையில் யாரும் யாரோடும் சேர்ந்து பாடுவதில்லை. மும்பையின் செம்பூரில் ஒருவர் செவ்வாய்க்கிழமை மதியம் பாடுகிறார். முலுண்டில் இன்னொருவர் வெள்ளி இரவு பாடுகிறார். தாராவியிலிருந்து ஒரு குரல் கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து சேர்கிறது. இப்படி வந்த நாற்பது தனிப்பாட்டுகளை ஒருவர் கணினியில் அடுக்குகிறார். அது ஒரே மூச்சில் எழுந்த பாட்டாகக் கேட்க வேண்டுமென்றால், அதற்கான உழைப்பு முழுவதும் பாடுவதற்கு முன்பும் பின்பும்தான் நடந்தாக வேண்டும். பாடும் அந்த நான்கு நிமிடத்தில் நடத்துநர் அங்கே இல்லை.

நடத்துநர் என்றதும் பேருந்தில் விசில் ஊதுபவர் நினைவுக்கு வந்தால் தவறில்லை. தமிழில் அந்தச் சொல்லை அவர்தான் முதலில் எடுத்துக்கொண்டார். தேவாலயங்களில் கொயர் மாஸ்டர் என்பார்கள். கையசைப்பது அவருடைய வேலையில் பாதிதான். மீதிப் பாதி கேட்பது. ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) சுருதி இறங்கினால் புருவத்தை உயர்த்துவார், டெனர் (உயர்ந்த ஆண்குரல்) ஓடினால் உள்ளங்கையைக் காட்டுவார். கேட்டதற்கு அடுத்த நொடியே கை பதில் சொல்லும். இணையம் அவரிடமிருந்து பறிப்பது காதை.

இதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டக்கர். 1970-ல் நெவாடாவில் பிறந்தவர். கல்லூரிக்குள் நுழைந்தபோது இசைக்குறியீடு படிக்கத் தெரியாது. கல்லூரிக் குழுவில் பேஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பாடப் போய், மொட்சார்ட்டின் ஆன்ம சாந்திப் பூசை இசையில் சிக்கிக்கொண்டு, பிறகு நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் முறையாகப் படித்தார். ரசிகை ஒருவர் அவருடைய பாடலின் சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) வரியைத் தனியாகப் பாடி வலையேற்றியிருந்ததைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது: நான்கு குரல் வரிகளையும் ஐம்பது பேர் இப்படிப் பாடினால்? 2010-ல் வெளியான முதல் மெய்நிகர் குழுவில் 12 நாடுகளிலிருந்து 185 பேர். 2011-ல் 58 நாடுகளிலிருந்து 2,052 பேர். 2012-ல் 73 நாடுகளிலிருந்து 3,746 பதிவுகள். 2020 ஜூலையில் வந்த ஆறாவது முயற்சியில் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர்.

எண்ணிக்கையைவிட நமக்குப் பயன்படுவது அவர் அந்த முதல் படத்தை எடுத்த விதம். கேமரா முன் நின்று, எந்த ஒலியும் இல்லாமல், மனதுக்குள் ஓடும் பாட்டுக்குக் கையசைத்தார். பியானோ வழிகாட்டியை அந்தக் காட்சிக்கு ஏற்றாற்போல் பிறகுதான் சேர்த்தார். தானே எழுதிய பாட்டு என்பதால் அவருக்கு அது சரிப்பட்டது. மற்றவர்கள் அதே வரிசையைப் பின்பற்றினால் மாட்டிக்கொள்வார்கள். ஏன் என்று கீழே பார்ப்போம்.

2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு குழுவின் ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். 53 பேருக்குக் கோவிட் நோய் கண்டது அல்லது கண்டதாகக் கருதப்பட்டது, இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் சேர்ந்து பாடுவது ஆபத்து என்று உலகுக்குத் தெரிந்தது. அதே மாதக் கடைசியில் மும்பையில் லோக்கல் ரயில்கள் நின்றன. சயானிலும் மாதுங்காவிலும் வாராவாரம் கூடிப் பாடியவர்கள் தொலைபேசித் திரைக்கு வந்தார்கள்.

மும்பைக்குச் சேர்ந்திசை புதிதல்ல. தமிழ்ப் பெயர் தாங்கிய விக்டர் பரஞ்சோதி 1956-ல் இங்கே தொடங்கிய பரஞ்சோதி அகாடமி கோரஸ், 1967 முதல் கூமி வாடியாவின் கையில் பல பத்தாண்டுகள் பாடியது. சலீல் சௌத்ரியின் பாம்பே யூத் கொயரும் 1950களில் பிறந்ததுதான். தமிழில் எம்.பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரைக் கட்டி, பாரதியைப் பல குரலில் பாட வைத்தார். ஆனால் மும்பைத் தமிழர்களைக் கொண்டு இன்று ஒரு இணையக் குழு சேர்த்தால் இரண்டு வேறு பள்ளிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சபாக்களின் நிழலில் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் ஒரு பக்கம். தேவாலயத்தில் நான்கு குரல் பாடி, ட-ர-ம என்று சுரங்களை எழுத்தால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா படிக்கத் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். இருவரையும் ஒரே பாட்டில் அமர்த்துவது இணையத் தாமதத்தைவிடக் கடினம்.

நேரலையில் ஏன் முடியாது

முதலில் தாமதம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் ஆகிறது. மேடையில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் குரல் 30 மில்லி செகண்ட் பிந்தித்தான் வருகிறது. அதைத் தாண்டினால் தாளம் தடுமாறும். ஸ்டான்ஃபோர்டில் இருவரைத் தனித்தனி அறையில் வைத்துக் கைதட்டச் சொன்ன சோதனையில், தாமதம் 11.5 மில்லி செகண்டுக்கு அருகில் இருந்தபோது தாளம் நிலையாக இருந்தது. அதற்குக் கீழே போனால் கொஞ்சம் ஓடியது, மேலே போனால் தொய்ந்தது. ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருப்பதால்தான் தொய்வு. ஜூம் போன்ற கூட்டச் செயலிகளில் தாமதம் சாதாரணமாக 150 மில்லி செகண்டைத் தாண்டும். போதாததற்கு, இருவர் ஒரே நேரம் குரல் எழுப்பினால் செயலி ஒருவரை அமுக்கிவிடும். ஆகவே அங்கே ஒத்திகை என்றால் நடத்துநர் தவிர எல்லோரும் மைக்கை அணைத்துக்கொண்டு பாடுவதுதான்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. மும்பையிலிருந்து சென்னைக்கு 1,300 கிலோமீட்டர் கேபிள் என்று வைத்தால் 6.5 மில்லி செகண்ட்தான். எனவே ஜாமுலஸ், சோனோபஸ் போன்ற மென்பொருள்களோடு, வைஃபை இல்லாமல் நேரடி லேன் கம்பி, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி), கம்பியுள்ள ஹெட்ஃபோன், மும்பையிலேயே வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர் எல்லாம் இருந்தால், நகருக்குள் 25 முதல் 30 மில்லி செகண்டில் உண்மையாகவே சேர்ந்து பாடலாம். நான்கு பேருக்குச் சரி. நாற்பது பேர் வீட்டில் இத்தனை சாதனம் இருக்காது. டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்த பழைய உறுப்பினரைச் சேர்க்கவும் வழியில்லை: 12,500 கிலோமீட்டரை ஒளி இழை வழியே நேர்கோட்டில் கடக்கவே 62 மில்லி செகண்ட் வேண்டும். அதைக் குறைக்க எந்த மென்பொருளாலும் ஆகாது.

வழிகாட்டி ஒலிதான் நடத்துநர்

தனித்தனியாகப் பதிந்து அடுக்கும் முறையில், பாடுபவர் கேட்பது காதில் ஓடும் வழிகாட்டி ஒலியை. திரையில் அசையும் கை அதற்கு அடுத்தபடிதான். அதனால் செய்யும் வரிசை இது: முதலில் கணினியில் கிளிக் வரைபடம், அதாவது தாளத்தைத் தட்டிக்காட்டும் ஒலி. பாட்டு நிமிடத்துக்கு 72 தட்டு என்ற வேகத்தில் போய், கடைசி இரண்டு அளவில் (பார்) 60-க்கு இறங்குகிறது என்றால் அந்த இறக்கத்தையும் கிளிக்கிலேயே எழுதிவிட வேண்டும். அதன்மேல் கீபோர்டு. அதன்மேல் நான்கு குரலுக்கும் நான்கு பேர் பாடிய மாதிரி. கடைசியில்தான் இதையெல்லாம் காதில் கேட்டுக்கொண்டு நடத்துநர் கையசைத்துப் படம் எடுக்கிறார். மௌனத்தில் முதலில் கையசைத்துவிட்டுப் பிறகு பியானோவைப் பொருத்தப் போனால், கை ஒவ்வொரு அளவிலும் வேறு வேகத்தில் போயிருப்பது அப்போதுதான் தெரியும்.

படத்தில் இடுப்பிலிருந்து தலைக்கு ஒரு சாண் மேல்வரை தெரிய வேண்டும். கை சட்டகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பின்னால் வெற்றுச் சுவர். பார்வை தாளில் இல்லாமல் லென்ஸில் இருக்க வேண்டும். தொடக்க மூச்சை எல்லோரும் பார்க்கும்படி, கொஞ்சம் நாடகத்தனமாகவே இழுக்கலாம்.

ஒவ்வொரு குரலுக்கும் தனி ஒலிக்கோப்பு தரவேண்டும்: அவரவர் வரி முழு ஒலியில், மற்ற மூன்றும் 12 டெசிபல் தாழ்வாக. தொடக்கத்தில் ஆதார சுருதி ஐந்து விநாடி, பிறகு இரண்டு அளவு வெற்றுக் கிளிக். அதில் ஓரிடத்தில் கைதட்டச் சொல்ல வேண்டும். 'பீப் கேட்டதும் தட்டுங்கள்' என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் தட்டுவார்கள். 'ஒன்று, இரண்டு, மூன்று, தட்டு' என்று எண்ணவிட்டால் 20, 30 மில்லி செகண்டுக்குள் வந்துவிடுவார்கள். பாட்டு முடிந்தபின்னும் ஒரு தட்டு. முதல் தட்டு பொருந்தி கடைசித் தட்டு விலகினால் கோப்பில் கோளாறு என்று பொருள்.

மாதிரிக் குரலைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. மாதிரி பாடியவர் ஓரிடத்தில் சுருதி இறங்கினால் பத்து ஆல்ட்டோவும் அதே இடத்தில் இறங்கும். அவர் தவறான இடத்தில் மூச்சு வாங்கினால் பத்துப் பேரும் அங்கேதான் வாங்குவார்கள். நேரில் என்றால் ஒருவர் பிழையைப் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார். இங்கே பக்கத்தில் இருப்பது மாதிரிக் குரல் மட்டுமே.

சுருதி, கட்டை, எழுத்து

கர்நாடக முறையில் பழகிய பெண்கள் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். அதாவது ஆதார சட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். கீழ் எல்லையான மந்திர பஞ்சமம் 147, மேல் எல்லையான தார ஸ்தாயி காந்தாரம் 494. இந்த எல்லை மேற்கத்திய அளவில் அப்படியே ஆல்ட்டோ, அதற்கும் கீழே. சொப்ரானோ வரி சாதாரணமாகத் தொடும் 784 ஹெர்ட்ஸ் இவர்களுக்கு அந்நிய நிலம். இருபது பெண்கள் சேர்ந்தார்கள், நல்ல ஞானம் உள்ளவர்கள் என்று மகிழ்ந்து பாட்டைக் கொடுத்தால், பதினாறு பேர் ஆல்ட்டோ, நான்கு பேர் சொப்ரானோ என்று முடியும். சொப்ரானோவின் உச்சத்தைத் தாழ்த்திப் பாட்டை அமைப்பதுதான் தீர்வு. குரலை இழுத்துக் கத்தச் சொல்வது தீர்வல்ல.

அடுத்தது தம்பூரா. தம்பூராவோடு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் 14 பங்கு) தாழ்வு. 1 கட்டையில் இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் விநாடிக்கு இரண்டு, மூன்று முறை அலையடிக்கும். பாடுபவர்களில் பாதிப் பேர் தம்பூராவைப் பிடிப்பார்கள், பாதிப் பேர் கீபோர்டை. எனவே வழிகாட்டியில் ஏதாவது ஒன்றுதான் இருக்க வேண்டும். பல குரல் என்றால் கீபோர்டு.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் நாற்பது மடங்கானால் கமகமாக இருக்காது, சேறாகும். தோடியைப் பல குரலில் அடுக்க நினைப்பது வீண். சங்கராபரணம், கீரவாணி, நடபைரவி நன்றாக வரும். மோகனத்தில் அரைச்சுர நெருக்கம் இல்லாததால், ஒரு குழு தொடங்கி நான்கு அட்சரம் கழித்து அடுத்த குழு அதே வரியைத் தொடங்கினாலும் பெரிதாக முட்டாது. புதுக்குழு தொடங்க மிகப் பொருத்தமானவை முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். பேண்டு வாத்திய மெட்டுகளை ஒட்டியவை, கமகமில்லாதவை. ஒன்றின் மெட்டு பிரிட்டிஷ் தேசியகீதமேதான். கொயர் பிள்ளைகளுக்கு மெட்டு வழக்கமானது, பாட்டுக்கிளாஸ் பிள்ளைகளுக்குச் சாகித்யம் வழக்கமானது.

மும்பைக்கே உரிய சிக்கல் எழுத்து. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வரிகளைத் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தால் ககரத்தை ka என்பதா, ga என்பதா என்ற குழப்பம் தீர்ந்து ஒலிப்பு தெளிவாகும். ஆனால் பள்ளியில் படிக்கும் தேவநாகரியில் குறில் எகரமும் ஒகரமும் கிடையாது. 'எடு' என்பது 'ஏடு' ஆகும், 'கொடி' என்பது 'கோடி' ஆகும். மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. ஆங்கில எழுத்தில் கொடுத்தால் ழகரத்தை 'ஸ' என்று வாசிப்பவர்கள் கிளம்புவார்கள். எழுத்தோடு, வரிகளைத் தாளகதியில் பேசிப் பதிந்த ஒரு நிமிட ஒலிக்கோப்பும் அனுப்புவதுதான் வழி.

வல்லின இரட்டிப்பு இன்னொரு தொல்லை. 'பட்டு', 'பற்று', 'ஏக்கம்' போன்ற சொற்களில் நாற்பது பேரின் மெய்யெழுத்து நாற்பது நேரத்தில் அடைபட்டால் சோளப்பொரி பொரிவதுபோல் கேட்கும். தாளில் மெய் எங்கே விழுகிறது என்று அரை அட்சரம்வரை குறித்துவிட வேண்டும். ஐந்தாறு பேர் மட்டும் அழுத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் நாக்கைத் தொட்டும் தொடாமல் விட்டால் போதும். மகர ஒற்றில் முடியும் சொற்களுக்கு உதடு மூடும் அட்சரத்தைக் குறிக்க வேண்டும். மூடிய பிறகும் ரீங்காரம் தொடரலாம். தமிழ்ப் பாட்டில் முடிவு அழகாக வருவது பாதி இந்த மகரத்தால்.

ஒன் பிஎச்கே ஸ்டுடியோ

பதிவுக்கு இரண்டு கருவிகள்: பாட்டைக் கேட்க ஒன்று, பதிய ஒன்று. காதில் கம்பியுள்ள இயர்ஃபோன், ஒரு காதில் மட்டும். புளூடூத் இயர்ஃபோன் 100 முதல் 300 மில்லி செகண்ட் பிந்தும். 72 வேகத்தில் ஒரு அட்சரம் 833 மில்லி செகண்ட், ஆகவே 200 பிந்தினாலே கால் அட்சரம் போயிற்று. பதிவதற்கு கேமரா செயலிதான் நல்லது. அழைப்புக்கான செயலிகள் நீண்ட ஆகாரத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சிதைந்து வரும்; டாக்குமென்டாக அனுப்ப வேண்டும், அல்லது கூகுள் டிரைவில் ஏற்ற வேண்டும். 720 தரத்தில் நிமிடத்துக்கு 60 எம்பி என்று வைத்தால், நான்கு நிமிடம், நாற்பது பேர், கிட்டத்தட்ட 10 ஜிபி. இலவச 15 ஜிபிக்குள் அடங்கும், ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்று அனுப்பினால். மூன்று அனுப்பி 'எது நல்லாயிருக்கோ எடுத்துக்குங்க' என்பவர்களை முன்கூட்டியே எச்சரிப்பது நல்லது.

மும்பை வீட்டில் சத்தமில்லா நேரம் தேடுவது தனிக்கலை. மின்விசிறியை நிறுத்த வேண்டும். வியர்வை படத்தில் தெரியும், பரவாயில்லை. தண்டவாளம் பக்கமிருந்தால் கடைசி லோக்கல் போனபிறகு, இல்லையேல் மதியம் இரண்டிலிருந்து நான்கு. மழைக்காலத்தில் தகரக் கூரை வீடுகளில் பதிவே ஆகாது, ஜூன் முதல் செப்டம்பர்வரை கெடுவைத் தளர்த்தியே வைக்க வேண்டும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பாடினால் எதிரொலி அடங்கும். நிறுத்திய காருக்குள் பாடுவது பலருக்கு இதைவிட நன்றாக வருகிறது. காரணம் ஒலி மட்டுமல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டார் இருக்கும்போது மனிதர்கள் அரைக்குரலில்தான் பாடுகிறார்கள். அரைக்குரலைக் கணினியில் எவ்வளவு உயர்த்தினாலும் முழுக்குரல் ஆகாது. மெதுவாகப் பாடும்போது குரலின் மேல் அதிர்வுகள் வலுவிழந்துவிடுகின்றன.

அடுக்கும்போது என்ன நடக்கிறது

சில கோப்புகள் திறந்ததுமே ஒன்றரை அரைச்சுரம் ஏறி, வேகமாக ஓடும். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகளாக (சாம்பிள்) பதிந்ததை மென்பொருள் 48,000 என்று வாசிக்கிறது, விகிதம் 1.088. அமைப்பை மாற்றினால் சரியாகும். இன்னும் சிலவற்றில் ஒலி சரியாக இருக்கும், உதடு மட்டும் போகப்போக விலகும். தொலைபேசிகள் படச்சட்டங்களைச் சீரில்லாத வேகத்தில் பதிவதுதான் காரணம். தொகுப்புக்கு முன் எல்லாவற்றையும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான 25 அல்லது 30 சட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

புதியவர்களைத் திகைக்க வைப்பது கிளிக். தனியாகக் கேட்கும்போது ஒரு பதிவில் இயர்ஃபோனிலிருந்து கசிந்த கிளிக் காதிலேயே விழாது. நாற்பதையும் சேர்த்ததும் டிக் டிக் என்று முன்னால் வந்து நிற்கும். விசிறி இரைச்சலும் தெருச் சத்தமும் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு என்பதால் நாற்பது சேர்ந்தால் 16 டெசிபல்தான் கூடும். குரல்களும் ஏறத்தாழ அதே அளவு கூடுவதால் விகிதம் மாறாது. கிளிக் எல்லோரிடமும் ஒன்றே, ஒரே நொடியில் விழுவது. அது 32 டெசிபல்வரை கூடும். எனவே இயர்ஃபோன் ஒலியைக் குறைவாக வைக்கச் சொல்வது சும்மா சொல்லும் அறிவுரை இல்லை. ஓய்வு வரும் இடங்களில் எல்லாப் பதிவையும் வெட்டி மௌனமாக்குவதும் அதற்காகத்தான்.

பெண் குரல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும், ஆண் குரல்களில் 80-க்குக் கீழும் உள்ள ஒலியை வெட்டலாம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே எதிரொலி, இரண்டு விநாடி அளவில்; தனித்தனியாகப் போட்டால் நாற்பது அறைகள் கேட்கும். சுருதித் திருத்தத்தை மிகக் குறைவாகவே தொட வேண்டும். நாற்பது குரலையும் துல்லியமாகச் சுரத்தில் நிறுத்தி, துல்லியமாக அட்சரத்தில் வைத்தால் ஆர்மோனியம் போல ஒலிக்கும். சில சென்ட் விலகலும், பதினைந்து மில்லி செகண்ட் முன்பின்னும்தான் கூட்டம் என்று காதுக்குச் சொல்கிறது.

நேரக் கணக்கைத் தொடங்குமுன் போட்டுப் பார்ப்பது நல்லது. வழிகாட்டி தயாரிக்க 12 மணி. குரல்வாரியாக ஆறு ஒத்திகை, 6 மணி. ஒரு பதிவைச் சுத்தம் செய்து பொருத்த 40 நிமிடம் என்றால் நாற்பதுக்கு 27 மணி. கலவை 8, படத்தொகுப்பு 10. நான்கு நிமிடப் பாட்டுக்கு 60 மணிக்கு மேல். சம்பளமில்லாத கொயர் மாஸ்டர் ஒருவரே இத்தனையும் செய்தால் இரண்டாவது பாட்டு வராது. தொகுப்பவருக்காவது பணம் கொடுக்க வேண்டும்.

பாட்டுரிமை சுருக்கம்: பாரதி பாடல்களின் உரிமையை 1949-ல் சென்னை அரசு வாங்கிப் பிறகு பொதுவுடைமையாக்கியது, தீட்சிதர் 1835-ல் மறைந்தவர், சிக்கலில்லை. பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகாத பாடல்களுக்கு அனுமதி வேண்டும். படப்பாட்டு என்றால், சொந்தக் குரலில் பாடினாலும் இசை, வரி உரிமை வேறொருவருடையது.

இரண்டு மூன்று பாட்டு இப்படிச் செய்த குழு மறுபடி ஓர் அறையில் கூடும்போது வேறொரு விளைவு தெரியும். நடத்துநர் கடைசி வரியில் கையைத் தாமதிப்பார், குழு நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். காதில் இல்லாத கிளிக்கை அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு முதல் மூன்று ஒத்திகைகளில் கீபோர்டைத் தொடாமல், மனப்பாடமான ஒரு எளிய பாட்டை எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு வேகத்தில், எதிர்பாராத அட்சரத்தில் நிறுத்தி நிறுத்தி நடத்துகிறார்கள். பாடுபவர்களிடமிருந்து தாளை முதலிலேயே வாங்கி வைத்துவிடுவதும் உண்டு, கண் கையை விட்டு வேறெங்கும் போகாதிருக்க.